சாறு போதாது, சோறு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழின் மருத்துவப் பக்கத்தில், இரத்தப் புற்றுநோயை விரட்டும் உணவுகள் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. கோதுமைப் புல் சாறு, பப்பாளி இலைச் சாறு, முள் சீத்தாப்பழம், பீட்ரூட், பேரீச்சம்பழம் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் புற்றுச் செல்கள் பட்டினி கிடந்து செத்துவிடும் என்று முடித்திருந்தார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் அதைக் கத்தரித்து எடுத்து வந்து, "ஆச்சி, உங்க பேரனுக்கு ஆகும், பத்திரமா வச்சுக்கோங்க" என்று கொடுத்தார். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் துண்டுத் தாளைப் பார்க்கப் பார்க்க, ஏழு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் இதே மாதிரித் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தாய்மார்களின் முகம்தான் கண்முன் வந்தது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. 1989-இல் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்து, 29 வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, 2018 மே மாதம் ஓய்வு பெற்றவள். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அவித்த முட்டை, பருப்பு, எண்ணெய் என்று அளந்து போட்டுப் பழகிய கை. எந்தப் பிள்ளை தட்டைக் காலி செய்கிறது, எது பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறது என்பதைத் தூரத்தில் இருந்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, சொந்தப் பேரனுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் போன காலம் ஒன்று வந்தது.

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், ஆகஸ்டில், அவனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. முகம் வெளிறிப்போய் இருந்தான். கால் வலிக்கிறது என்று ராத்திரி அழுவான். கெண்டைக்காலில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. விளையாடும்போது இடித்திருப்பான் என்று நினைத்தோம். பக்கத்து ஊரில் காட்டியபோது சத்துக் குறைவு என்று இரும்புச் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அதை மூன்று வாரம் கொடுத்தோம். அப்புறம் பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் நிற்கவில்லை. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் அன்றைக்கே சென்னைக்குப் போகச் சொல்லிவிட்டார். பொதிகை எக்ஸ்பிரஸில் முன்பதிவு இல்லாமல் ஏறிப் போனோம். எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்கிற இரத்தப் புற்றுநோய் என்றார்கள். அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

டாக்டர் அம்மா முதலில் சொன்னது, "இது குணமாகிற நோய். ஆனா ரெண்டரை வருஷ வைத்தியம். நடுவுல விடவே கூடாது." இரண்டாவதாகச் சொன்னது, "நல்லா சாப்பிட வைங்க." முதலாவதை எப்படிச் செய்வது என்று அட்டை போட்டு, தேதி போட்டு, மாத்திரை எண்ணிக் கொடுத்தார்கள். இரண்டாவதை எப்படிச் செய்வது என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நேரம் இல்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் பக்கத்தில் வந்த மாதிரிக் குறிப்புகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இரத்தப் புற்றுநோய் என்ற பெயரே எங்களைக் குழப்பிவிட்டது. இரத்தத்தில் கோளாறு என்றால் இரத்தம் ஊறுகிற பொருளைக் கொடுக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கி வந்தார்கள், மாதுளை வாங்கி வந்தார்கள், முருங்கைக்கீரை ஆய்ந்து கொண்டுவந்தார்கள். உண்மையில் இரத்தம் செய்கிற மஜ்ஜைக்குள் புற்றுச் செல்கள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. நல்ல அணுக்கள் பிறக்க அங்கே இடம் இல்லை. இடத்தைக் காலி செய்யாமல் வெளியில் இருந்து எத்தனை பீட்ரூட் கொடுத்தாலும் பயன் இல்லை. பப்பாளி இலைச் சாறும் அப்படித்தான். டெங்குவில், இரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் குறைந்தாலும் காய்ச்சல் தணிந்த சில நாளில் தானாக ஏறும். இங்கே தட்டணுவைச் செய்கிற பட்டறையே மூடிக் கிடக்கிறது. இன்னொன்று: என் பேரனுக்கு அந்த முதல் மாதத்தில் பல தடவை இரத்தம் ஏற்றினார்கள். ஒரு பை இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். அதற்கு மேல் நாங்கள் டானிக்கும் கொடுத்திருந்தோம். டாக்டர் அம்மா அந்தப் பாட்டிலை வாங்கித் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார்.

என் மருமகள் பார்மசி டிப்ளமோ படித்தவள். வைத்தியம் நடந்த காலத்தில் கிடைத்ததை எல்லாம் வாசித்து எனக்குச் சொல்வாள். அவள் சொன்னதில் ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. 1930-ஐ ஒட்டிய வருடங்களில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அம்மா பம்பாயில் மில் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வந்த இரத்தசோகையைப் பார்த்து, ஈஸ்ட்டில் இருந்து செய்த மார்மைட்டைக் கொடுத்துக் குணமாக்கினார். அதில் இருந்த சத்துதான் பிற்பாடு ஃபோலிக் ஆசிட் என்று பெயர் பெற்றது. கீரையில் இருப்பதும் அதுதான். இரத்தம் ஊறுகிற சத்து ஆயிற்றே என்று பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அதை லுக்கேமியாக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாக ஓடியது! உடனே அவர் தலைகீழாக யோசித்தார். அந்தச் சத்தைத் தடுக்கிற மருந்தைக் கொடுத்தால் என்ன? அந்த மருந்து, அமினாப்டெரின், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் வேலை செய்தவர்கள் உருவாக்கியது. பீமாவரத்தில் பிறந்து நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். 1948-இல் ஃபார்பர் எழுதிய கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகவாவது அடங்கியது. அதுவரை அந்த நோய்க்கு எதுவுமே பலித்ததில்லை. அந்த மருந்தின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். வாரம் ஒரு தடவை என் பேரன் விழுங்கிய மாத்திரை.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நல்ல சத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றே இந்த நோயில் எதிராகப் போய்விடலாம் என்பதை எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. அதற்காகக் கீரைக் கூட்டே கூடாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சாப்பாட்டோடு வருகிற கீரையை டாக்டர்கள் தடுக்கவில்லை. கடையில் விற்கிற வைட்டமின் மாத்திரை, டானிக், சத்துப் பொடி, இவற்றைத்தான் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்றார்கள்.

அப்புறம் அந்தச் சர்க்கரை விஷயம். புற்றுச் செல்லைப் பட்டினி போடுவது என்ற யோசனை பொய் இல்லை. இந்த நோயில் அதை நிஜமாகவே செய்கிறார்கள், ஆனால் ஊசியில். 1953-இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்பவர் கினிப் பன்றியின் இரத்த நீரைச் செலுத்தினால் எலிகளுக்கு வந்த ஒரு வகை நிணநீர்ப் புற்று கரைவதைக் கண்டார். அதில் இருந்த அஸ்பாரஜினேஸ் என்ற நொதிதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. அது இரத்தத்தில் அஸ்பாரஜின் என்ற ஒரு புரதத் துணுக்கை இல்லாமல் ஆக்கிவிடும். நல்ல செல்கள் அதைத் தாங்களே செய்துகொள்ளும். லுக்கேமியாச் செல்லுக்கு அந்தத் திறமை இல்லை, சாகும். சாப்பாட்டைக் குறைத்து இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் நாம் சாப்பிடாவிட்டாலும் உடம்பு அஸ்பாரஜினைச் செய்து இரத்தத்தில் விட்டுவிடும். சர்க்கரையும் அப்படித்தான். சோற்றை நிறுத்தினால் உடம்பு தன் சதையைக் கரைத்துச் சர்க்கரை ஆக்கும். கரைவது பிள்ளையின் கையும் காலும்தான். அந்த ஊசியும் ஸ்டீராய்டும் சேர்ந்து போகிற வாரங்களில் மட்டும் இரத்தத்தில் சர்க்கரை ஏறலாம், கணையம் வீங்கலாம் என்பதால் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைக்கச் சொன்னார்கள். அதற்குக் காரணம் இருந்தது, காலக்கெடுவும் இருந்தது.

முதல் மாதம் ஸ்டீராய்டு. அந்தப் பசியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "ஆச்சி, புளிச்சோறு" என்பான். தின்று பத்து நிமிடத்தில் "ஆச்சி, இட்லி" என்பான். கன்னம் உப்பி, வயிறு தள்ளி, ஆள் பொம்மை மாதிரி ஆனான். சேரும்போது 17 கிலோ 400 கிராம். 28-ஆம் நாள் 19 கிலோ 200. என் மகனுக்குச் சந்தோஷம், பிள்ளை தேறிவிட்டான் என்று. எனக்கு மட்டும் உறுத்தியது. தொடை சூம்பிப் போயிருந்தது, படி ஏற முடியவில்லை. அங்கன்வாடி டீச்சரிடம் வாங்கி வைத்திருந்த கைச்சுற்றளவு நாடா என் பையில் இருந்தது. அது ஐந்து வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கானது, நிறக்கோட்டைப் பார்க்கக் கூடாது, சென்டிமீட்டரைப் பார்க்கலாம். சேர்ந்த அன்று 16. இப்போது 15-க்கும் கீழே. எடை ஏறியிருந்தது, கை இளைத்திருந்தது. மருந்து வீக்கத்தையும் கொழுப்பையும் கொடுத்துவிட்டுச் சதையைத் தின்றிருந்தது. உணவியல் அம்மாவிடம் நாடாவைக் காட்டினேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்களும் இதைத்தான் அளக்கணும்மா, தராசு இந்த நோயில் ஏமாற்றும்" என்றார். அன்றையில் இருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை, கை இரண்டையும் நோட்டில் எழுதினேன்.

ஸ்டீராய்டு நின்றதும் எல்லாம் மாறிப்போனது. எதை வாயில் வைத்தாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்பான். எவர்சில்வர் தம்ளரை மாற்றி பீங்கான் கோப்பையில் கொடுத்தோம். வின்கிரிஸ்டின் ஊசியில் தாடை வலித்தது, மலம் கட்டியது. மெத்தோட்ரெக்சேட்டை அதிக அளவில் ஏற்றிய வாரத்தில் வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்கவே அழுதான். அப்போது எனக்குக் கைகொடுத்தது சத்துணவு மையத்தில் படித்த பாடம்தான். நிறைய தின்ன முடியாத பிள்ளைக்குக் கொஞ்சத்தில் நிறைய வைக்க வேண்டும். முட்டையை நன்றாக அடித்து இட்லி மாவில் கலந்து வேகவைத்தேன், வாசனை தெரியாது. இட்லியைக் காய்ச்சி ஆறிய பாலில் ஊறவைத்து மசித்தேன். ஜவ்வரிசிக் கஞ்சியில் பொரிகடலை மாவைக் கரைத்து, நெய் ஒரு கரண்டி விட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரைக் கிண்ணம். முழுக் கிண்ணத்தைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டும். ஒரு நாளில் எட்டுத் தடவை அரைக் கிண்ணம் போனால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஆனால் இதை எல்லாம் சமைக்க இடம் வேண்டுமே! இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கும் நாளில் அவனுக்குச் சாப்பாடு வந்தது. படுக்கை இல்லாமல் தினம் போய் ஊசி போட்டுத் திரும்புகிற நாட்கள்தான் அதிகம். அதற்கு லாட்ஜில் அறை எடுத்தோம். அங்கே அடுப்பு கூடாது. மின்சாரக் கெட்டில் வைத்திருந்ததையே வாங்கிக்கொண்டார்கள். மூன்று வேளையும் ஹோட்டல். ஒரு நாள் மத்தியானம் வாங்கிய தேங்காய்ச் சட்னி, சாயங்காலம் வரை இருந்ததைத் தெரியாமல் கொடுத்துவிட்டோம். கிருமியை எதிர்க்கிற வெள்ளணு மிகவும் குறைந்திருந்த வாரம் அது. விடிவதற்குள் வயிற்றுப்போக்கு, 103 டிகிரி காய்ச்சல். ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் வார்டுக்குமாக இருந்தான். அடுத்த சுற்று மருந்து இரண்டு வாரம் தள்ளிப்போனது. இந்த நோயில் பிள்ளைகளைக் கொண்டுபோவது பல நேரம் புற்று இல்லை, இப்படி வருகிற கிருமிதான் என்று டாக்டர் அம்மா சொன்னபோது என் மருமகள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஒரு அம்மா தன் வீட்டு மாடியில் இரண்டு அறையும் ஒரு கேஸ் அடுப்பும் கொடுத்தார். ஐந்து குடும்பம் மாற்றி மாற்றிச் சமைத்தோம். பிரஷர் குக்கரில் அரிசியும் பருப்பும் காரட்டும் குழைய வேகவைத்து, இறக்கிய சூட்டோடு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஓடுவோம். இறக்கி இரண்டு மணி நேரம் தாண்டினால் அந்தச் சோறு எங்களுக்கு, பிள்ளைக்குப் புதிது. தண்ணீர் கொதித்து ஆறியது மட்டும். ஆஃப்பாயில் கிடையாது, முழுசாக வெந்த முட்டை. தோல் உரிக்கிற பழம் மட்டும், வாழைப்பழம், ஆரஞ்சு. கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் யாரும் அடுப்படிக்குள் வரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினேன். அதற்கப்புறம் அவனுக்கு வயிறு கெடவில்லை.

அந்த மாடியில்தான் இன்னொரு குழப்பமும் தெரிந்தது. எங்களுக்குக் கொடுத்த தாளில் தயிர் கூடாது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்ணிடம் இருந்த தாளில் வீட்டுத் தயிர் தினமும் நல்லது. ஒன்றில் பழமே கூடாது, ஒன்றில் மாதுளை சரி. இரண்டு தாய்மாருக்கும் பயம், இரண்டு பிள்ளைக்கும் சாப்பாடு குறைந்ததுதான் மிச்சம். மருமகள் தேடிப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 2008-இல் வெளியான ஆய்வு. 153 லுக்கேமியா நோயாளிகள். ஒரு பாதிக்கு வேகவைத்த உணவு மட்டும், மறு பாதிக்குப் பச்சைக் காய், பழமும் சேர்த்து. கடுமையான தொற்று வந்தது முதல் பாதியில் நூற்றுக்கு 29, மறு பாதியில் 35. கணக்குப்படி அது வித்தியாசமே இல்லை. உயிரோடு இருந்தவர்களிலும் வித்தியாசம் இல்லை. எங்கள் வைத்தியம் முடிந்த பிறகு, 2023-இல் இத்தாலியில் 222 பேரை வைத்துப் பார்த்ததிலும், கட்டுப்பாட்டைத் தளர்த்தியதால் தொற்று கூடவில்லை. அந்த ஹூஸ்டன் ஆய்வை அப்போதே டாக்டர் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். "சரிதான், ஆனா அவங்க ஆஸ்பத்திரித் தண்ணியும் நம்ம தெருத் தண்ணியும் ஒண்ணு இல்ல. நீங்க வேகவச்சே கொடுங்க. ஆனா அந்தப் பயத்துல பிள்ளையோட சாப்பாட்ட மட்டும் குறைக்காதீங்க" என்றார். எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண் குழந்தை. என் பேரனைவிட ஒரு வயது சின்னவள். முதல் மாத மருந்திலேயே நோய் நன்றாக அடங்கியிருந்தது. அவள் அப்பாவுக்கு யாரோ ஒரு வைத்தியரைச் சொல்லியிருக்கிறார்கள். கோதுமைப் புல் சாறு, முள் சீத்தா இலைக் கஷாயம், உப்பு இல்லாத பச்சைக் காய்கறி, சர்க்கரையும் சோறும் கிடையாது, இங்கிலீஷ் மருந்தை நிறுத்த வேண்டும். நோய்தான் அடங்கிவிட்டதே, இனி எதற்கு இந்த ஊசி வேதனை என்று அவரும் நினைத்தார். எந்தத் தகப்பனும் நினைப்பான். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து, "ஆச்சி, இட்லி இருக்கா?" என்று கேட்டாள். கொடுத்தேன். பாதி இட்லிதான் இறங்கியது. அந்த வாரம் தாண்டவில்லை. முள் சீத்தா பற்றிப் பெரிதாக எழுதுகிறீர்களே, கரீபியன் கடலில் குவாதலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பார்கின்சன் மாதிரியான நரம்புக் கோளாறு கூடுதலாக இருப்பதாக 1999-லேயே டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

பெரியவர்களுக்கு வருகிற வகைகளில் சாப்பாட்டு விதி வேறு. வெளிநோயாளி வரிசையில் பழக்கமான ஒரு பெரியவருக்கு சிஎம்எல், மெதுவாக வளர்கிற ஒரு வகை இரத்தப் புற்றுநோய். இமாட்டினிப் மாத்திரை தினமும். அதைச் சாப்பிட்ட பிறகு, பெரிய தம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், பம்ப்ளிமாஸ் இனப் பழம் கூடாது. அதே நோய்க்கு நிலோட்டினிப் எழுதினால் நேர் எதிர், வெறும் வயிற்றில்தான். மஜ்ஜையில் வருகிற இன்னொரு புற்றான மயலோமாவுக்குப் போடுகிற போர்ட்டிசோமிப் ஊசியின் வேலையை கிரீன் டீச் சத்து தடுத்துவிடுவதாக ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். இரத்தப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் அழைக்கிறோம், அதற்குள் எத்தனையோ நோய். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து உணவு என்று எழுதுவதில் உள்ள ஆபத்து இதில் தெரியும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவனுக்கு மாத்திரை வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. தினமும் ராத்திரி மெர்காப்டோப்யூரின். ரயில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முதுகுத்தண்டு ஊசிக்கு, இ-பாஸ் வாங்கி, வாடகைக் கார் பிடித்து, ஏறக்குறைய 600 கிலோமீட்டர். விசைத்தறியும் ஓடவில்லை, என் மகனுக்குக் கூலி இல்லை. என் கம்மல் போனது, அதைப் பற்றிக் கவலை இல்லை. மாத்திரை ஒரு நாள்கூட விடவில்லை. நூறு நாளில் ஐந்து நாளுக்கு மேல் அந்த மாத்திரையை விட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்காவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். பாலோடு கொடுக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பாலோடு கொடுத்தாலும் நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை, விடாமல் கொடுப்பதுதான் முக்கியம் என்று அங்கே பின்னால் பார்த்திருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் கடைசி மாத்திரை. இப்போது எட்டாம் வகுப்பு. 41 கிலோ. நேற்று ஏழு இட்லி சாப்பிட்டான்.

சாப்பாட்டுக்கும் பிழைப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. நிறைய இருக்கிறது. மெக்சிகோவில் 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், இதே நோய் வந்த குழந்தைகளில் நல்ல ஊட்டத்தோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வருடம் கழித்து நோயின்றி இருந்தார்கள். மெலிந்து வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். பணக்கார நாடுகளில் இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்பது பிழைக்கின்றன. மருந்து நம்மிடமும் அதேதான். மெலிவு, தொற்று, பாதியில் நிறுத்துவது, இந்த மூன்றும் நம் பிள்ளைகளைப் பின்னால் இழுக்கின்றன. மூன்றுக்குள்ளும் சமையல்கட்டு இருக்கிறது.

காசநோய்க்கு அரசாங்கம் இதைப் புரிந்துகொண்டது. 2018-இல் மாதம் 500 ரூபாய் சாப்பாட்டுக்கென்று கொடுக்க ஆரம்பித்தார்கள், 2024 நவம்பரில் அது 1000 ஆனது. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்கள் சாவது வெகுவாகக் குறைந்தது. எங்களுக்கு மருந்துச் செலவில் பெரும்பகுதியைக் காப்பீட்டு அட்டை தாங்கியது, ரயிலில் சலுகை கிடைத்தது. இரண்டரை வருடத்தில் சோற்றுக்கென்று ஒரு ரூபாய் வரவில்லை. முதல் எட்டு மாதம், மருந்து கடுமையாகப் போகிற காலத்துக்காவது, ஒரு பிள்ளைக்கு நாளைக்கு இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், 50 கிராம் பருப்பு, எண்ணெய் கொடுங்கள். சத்துணவுத் திட்டம் நடத்துகிற மாநிலத்துக்கு இது தெரியாத வேலை இல்லை, 1982-இல் இருந்து செய்கிறோம். புற்றுநோய் வார்டு உள்ள ஒவ்வொரு ஊரிலும் பெற்றோர் சமைக்க ஒரு பொது அடுப்படி வேண்டும். பத்து அடுப்பு, நல்ல தண்ணீர், கைகழுவ இடம், வேறு ஒன்றும் வேண்டாம். என்ன கொடுக்கலாம் என்பதை எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒத்துப் பேசி, தமிழில், இத்தனை கரண்டி, இத்தனை தடவை என்று அளவோடு ஒரே தாளாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்று. அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில், இரத்தப் புற்றுநோய் பார்க்கிற ஒரு டாக்டரையும் ஓர் உணவியல் நிபுணரையும் எழுதச் சொல்லுங்கள். அதையும் கத்தரித்து வைத்துக்கொள்ள ஆள் இருப்பார்கள். எடை, கைச்சுற்றளவு, எந்த மருந்து வாரத்தில் எது வாயில் இறங்கியது என்று நான் எழுதி வைத்த மூன்று நோட்டுகள் இருக்கின்றன. அவர்களுக்கு உதவும் என்றால் தருகிறேன். அந்தச் சின்னப் பெண் வார்டில் இருந்த ஐந்து வாரத்துக்கும் அவள் கையையும் அளந்திருந்தேன். அது இரண்டாவது நோட்டின் நடுப்பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
சங்கரன்கோவில் வட்டம், தென்காசி மாவட்டம்.